மலை தாண்டிப் போன கூத்து

இலுப்பைக் காட்டுக் குளத்தங்கரையில் ஒரு கூத்துக் குழு இருந்தது. தலைவன் கரடி தொந்தியப்பன். மேளமும் அவன்தான், ராசா வேஷமும் அவன்தான். கோமாளி வேஷம் மைனா சொர்ணத்துக்கு. குட்டிக்கரணம் போட இரண்டு குரங்குகள். அவ்வளவுதான் குழு!

ஆகா, அது ஒரு காலம்! மழை விட்டதும் மேளம் கொட்டும். காடே குளத்தங்கரைக்கு ஓடிவரும். கதை என்னவோ பழைய கதைதான். நரி சூழ்ச்சி செய்யும், ராசா அதை முறியடிப்பார். அதைப் பார்க்கவா அத்தனை பேரும் வந்தார்கள்? இல்லவே இல்லை! நடுநடுவே சொர்ணம் கூட்டத்தைப் பார்த்து வம்புக்கு இழுப்பாளே, அதற்காக வந்தார்கள்.

"என்ன முள்ளம்பன்றி அண்ணாச்சி! வீட்டுல இன்னிக்கும் சண்டையா? முள்ளெல்லாம் சிலிர்த்துக்கிட்டு நிக்குதே!"

கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

"முயல் மாமா! பின்னாடி சருகு விழுந்திருச்சு, ஓடுங்க!"

அவ்வளவுதான். முயல் மாமா நிஜமாகவே எழுந்து நாலடி ஓடிவிடுவார். சருகு விழுந்தாலே நடுங்குகிறவர் அவர், காடறிந்த சங்கதி. அப்புறம் வெட்கத்தோடு திரும்பிவந்து உட்கார்ந்து, எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பார். சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிடும். அதைப் பார்த்துத் தொந்தியப்பனுக்கும் சிரிப்பு தாங்காது, மேளத்தில் தாளம் தப்பும்.

கூத்து முடிந்தால் ஆளுக்கொரு கிழங்கோ பழமோ கொடுப்பார்கள். வயிறு நிறையும், மிச்சம் இருக்காது.

அப்போதுதான் ஒரு நாரை வந்து சேர்ந்தது. தேசாந்தரம் போகிற பறவை. வாயைத் திறந்தால் வெளியூர்ப் பெருமைதான்.

"தொந்தியப்பரே! மலைக்கு அந்தப் பக்கம் எத்தனை காடு இருக்கு தெரியுமா? அங்கே தேன் அடை அடையாகத் தொங்குது! ஒரு தடவை வந்து ஆடிப் பாருங்க!"

தேன் என்றதும் கரடிக்கு நாக்கு சும்மா இருக்குமா? கிளம்பிவிட்டான், குழுவோடு.

மலை தாண்டிப் போன முதல் காட்டில் பேச்சு வேறு. சொர்ணம் தொண்டை வற்ற வம்பளந்தாள். கூட்டம் பேந்தப் பேந்த விழித்தது. பாவம், அவர்களுக்கு எங்கள் முயல் மாமாவைத் தெரியுமா, முள்ளம்பன்றியைத் தெரியுமா? அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு கால் தவறி, குவித்திருந்த விளாம்பழத்தின் மேல் விழுந்தது. பழங்கள் படபடவென்று உடைந்து சிதறின. கூட்டம் துள்ளி எழுந்து ஆர்ப்பரித்தது! தேன் வந்து குவிந்தது.

"பார்த்தீங்களா? பேச்சைக் குறைங்க! விழுறதைக் கூட்டுங்க!" என்றது நாரை.

அடுத்த காட்டில் நரிகளின் ஆட்சி. "நரியைக் கெட்டவனாகக் காட்டாதீங்க, கோவிச்சுக்குவாங்க!" என்றது நாரை. நரியை எடுத்துவிட்டுப் பாம்பைப் போட்டார்கள். அதற்கடுத்த காட்டில் பாம்புகள் சீறின. கடைசியில் கதையில் கெட்டவன் யார் தெரியுமா? ஒரு பாறை! பாறைக்கு அண்ணன் தம்பி கிடையாது பாருங்கள், சண்டைக்கு யார் வருவார்?

"அண்ணே, எனக்குப் பேச்சே இல்லையே. நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள் சொர்ணம்.

"நீ மணி அடி தாயி!" என்றான் தொந்தியப்பன்.

அந்த வருஷம் ஊர் திரும்பி, அதே ஆட்டத்தைக் குளத்தங்கரையில் போட்டார்கள். குரங்குகள் விழுந்தன, எழுந்தன, மறுபடியும் விழுந்தன. யாரும் சிரிக்கவில்லை. முயல் மாமாதான் மெல்லக் கேட்டார்.

"ஏம்ப்பா தொந்தியப்பா, ராசா எதுக்குப் பாறையைப் போட்டு அடிக்கிறாரு? அது என்ன பண்ணிச்சு?"

கரடிக்குச் சுருக்கென்றது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க கொடுக்கிற நாலு கிழங்கை நம்பியா நான் இருக்கேன்? மலைக்கு அந்தப் பக்கம் எனக்குக் கொட்டிக் கிடக்கு!"

மாமாவின் முகம் வாடிப்போயிற்று. "சரிப்பா, எங்கே இருந்தாலும் நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். தொந்தியப்பனும் போனான். சொர்ணம் மட்டும் கூடப் போகவில்லை.

வருஷங்கள் ஓடின. தேனுக்குக் குறைவில்லை, கைதட்டலுக்கும் குறைவில்லை. ஆனால் தின்றுவிட்டுக் கண்ணயரும்போதெல்லாம் முயல் மாமாவின் விக்கல் சத்தம் காதில் கேட்கும். 'இத்தனை பேர் கைதட்டுறாங்களே, இதுல ஒருத்தர் பேராவது எனக்குத் தெரியுமா?' என்று நினைப்பான்.

ஒரு மழைக்காலத்தில் அந்தப் பக்கத்துக் காட்டார் கையை விரித்துவிட்டார்கள். "எங்க குரங்குகளே இப்ப நல்லா விழுதுங்க! உங்க ஆட்டம் எதுக்கு?" குரங்குகள் இரண்டும் அங்கேயே வேலை தேடிக்கொண்டன. நாரை சொல்லாமல் கொள்ளாமல் பறந்துவிட்டது.

தொந்தியப்பன் மேளத்தை முதுகில் போட்டுக்கொண்டு தனியாக நடந்தான். வருத்தமா? இல்லை, சந்தோஷம்தான்! 'மாமாவை அன்னிக்குப் புண்படுத்திட்டேன். மன்னிப்புக் கேட்டா அவருக்குக் கூச்சமா இருக்கும். விக்கல் வர்ற மாதிரி ஒரு தடவை சிரிக்க வச்சிட்டாப் போதும்!' மலை இறங்கும் வரைக்கும் அவனுக்கு இதே நினைப்பு.

குளத்தங்கரையில் நின்று மேளத்தைக் கொட்டினான். பழகிய சத்தமாயிற்றே! காடு ஓடிவந்தது. பாதி முகங்கள் புதியவை. சொர்ணமும் வந்து கிளையில் உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் தொந்தியப்பன் உற்சாகம் தாங்காமல் கத்தினான்.

"முயல் மாமா! பின்னாடி சருகு விழுந்திருச்சு, ஓடுங்க!"

ஒரு சிரிப்பு இல்லை. ஓர் அசைவு இல்லை. மாமாவின் மனைவி முயல் அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

சொர்ணம் கீழே பறந்துவந்தாள். "அண்ணே, போன கோடையில காடு பத்திக்கிச்சு. எல்லாரும் குளத்துக்கு ஓடினோம். மாமா மட்டும் நெருப்புக்குள்ள திரும்பி ஓடினாரு. ஒவ்வொரு வளையாப் போய்க் குட்டிகளையெல்லாம் விரட்டி வெளியே அனுப்பினாரு. அவரு வரலைண்ணே."

தொந்தியப்பன் மேளத்தைக் கீழே போட்டான். "எனக்கு யாரும் சொல்லலையே!"

"நீ எந்த மலைக்குப் பின்னாடி இருக்கேன்னு எங்களுக்கும் யாரும் சொல்லலையேண்ணே!"

தொந்தியப்பன் முயல் அத்தையின் காலடியில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதான். அத்தை அவன் தலையைத் தடவினாள்.

"அழாதே. மழை விட்டா அவரு தினம் கேட்பாரு, 'தொந்தியப்பன் வந்துட்டானா, மேளம் கேக்குதா'ன்னு."

அதைக் கேட்டதும் அவன் அழுகை இன்னும் கூடிற்று.

"சொர்ணம், நாளைக்கு மாமா பேரைச் சொல்லி ஒரு கூத்துப் போடட்டுமா?"

"வேண்டாம்ண்ணே. முதல்ல இங்கே குடியிரு. யார் வீட்டுல என்ன நடந்துச்சு, யார் இருக்காங்க, யார் இல்லைன்னு தெரிஞ்சுக்கோ. ஆட்டம் அப்புறம் பார்த்துக்கலாம்."

தொந்தியப்பன் அந்த மழைக்காலம் முழுக்க முயல்களுக்குப் புது வளை தோண்டிக் கொடுத்தான். மேளத்தைத் தொடவே இல்லை.

அயலார் கைதட்டலில் மயங்கித் தன்னவர்களை மறந்தவன், திரும்பி வரும்போது சொந்த ஊரிலேயே அந்நியனாக நிற்பான்.