ஐந்தாவது உருண்டை

கோவரையனுக்குக் கோபம் வந்தால் முதலில் மீசை துடிக்கும். அன்று காலையிலிருந்து அது நின்றபாடில்லை.

துடிக்காமல் என்ன செய்யும்? மேட்டுநாட்டு அரசன் ஆற்றின் தலைமடையை அடைத்துவிட்டான். கீழே கோவரையனின் நாட்டில் நாற்றெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. சமாதானம் பேச ஆள்மேல் ஆளாக அனுப்பிப் பார்த்தாயிற்று. கடைசியாகப் போன தூதன் சேந்தனை மொட்டையடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

படை கூடியது. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. போருக்குப் புறப்படும் முன் அரசன் தன் கையாலேயே ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு சோற்று உருண்டை கொடுப்பான். அதைத் தின்றவன், அரசன் போதும் என்று சொல்லும்வரை வீடு திரும்பக் கூடாது.

சோறு வெந்துகொண்டிருக்கும்போதே கோவரையன் தன் குரு வடுகநாதரைத் தேடிப் போனான். குரு அவனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவர் எதிரில் அவன் உட்கார மாட்டான்.

"போருக்குப் போகலாமா, சுவாமி?"

"சோறு ஆகிவிட்டதா?"

"ஆகப்போகிறது."

"எனக்கும் பசிக்கிறது. வாருங்கள்."

நடந்துகொண்டே குரு சொன்னார். "உருண்டையைக் கொடுக்கும்போது, எதற்காகப் போகிறான் என்று ஒவ்வொருவனிடமும் சொல்லுங்கள்."

"இவ்வளவுதானா?" கோவரையன் சிரித்துவிட்டான்.

வீரர்கள் வரிசையில் நின்றார்கள். குரு சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வந்தவன் உழவன். "நம் வயலுக்குத் தண்ணீர் வேண்டும், அதற்காக" என்றான் அரசன்.

அடுத்தவன் குதிரைவீரன், ரோஷக்காரன். "நம் தூதனை அவமானப்படுத்தினார்களே, அதற்காக."

மூன்றாமவன் கூலிக்கு வந்தவன். "மேட்டுநாட்டுக் களஞ்சியத்தில் உனக்கும் பங்கு உண்டு."

நான்காமவன் நரைத்த மீசைக்காரன். "என் பாட்டன் அவர்களிடம் பறிகொடுத்த கோட்டைக்காக" என்றான் அரசன்.

ஐந்தாமவன் பெயர் சடையாண்டி. கல்யாணமாகிக் கையில் கட்டிய மஞ்சள் காப்பை இன்னும் அவிழ்க்கவில்லை. உருண்டையை வாங்கியவன் வாயில் போடாமல் நின்றான்.

"மகராசா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேள்."

"தண்ணி வந்ததும் திரும்பிரலாமா? இல்ல, கோட்டை விழுற வரைக்கும் இருக்கணுமா? எது நடந்தா போதும்னு சொல்லுவீங்க?"

"அரசரையே கேள்வி கேட்கிறாயா?" தளபதி வில்லவராயன் பாய்ந்தான்.

கோவரையன் கையைக் காட்டி அவனை நிறுத்தினான். நான்கு பேருக்குச் சொன்னதை நினைத்ததும் அரசனுக்கு வெட்கமாக இருந்தது. அண்டாப் பக்கம் திரும்பினான்.

குரு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எல்லாம் ஒரே உலைச் சோறுதானே" என்றார். "காரணம் மட்டும் ஏன் ஆளுக்கொன்று?"

கோவரையன் அந்த நான்கு பேரையும் திரும்பக் கூப்பிட்டான். படை முழுவதற்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினான்.

"மடை திறக்க வேண்டும். அதற்காகத்தான் போகிறோம். மடையைத் திறந்து, மறுபடி அடைக்க மாட்டேன் என்று மேட்டுநாட்டு அரசன் வாயால் சொல்ல வைத்ததும் திரும்புகிறோம். கோட்டை வேண்டாம். களஞ்சியமும் வேண்டாம்."

"மடைக்கு மட்டும் என்றால் பாதிப் படை போதுமே" என்றான் தளபதி.

"பாதிப் படை போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். எல்லோரும் போகிறோம். முன்னால் நான் போகிறேன்."

"அப்படியானால் தூதனுக்கு நடந்த அவமானம்?"

வரிசையின் கடைசியில் நின்ற சேந்தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். "என் மயிரு தன்னால வளந்துரும், தளபதி. நாத்து வளருமா?"

படையே சிரித்தது. கோவரையனும் சிரித்தான். காலையிலிருந்து துடித்த மீசை அப்போதுதான் அடங்கியது. கூலிக்காரன் மட்டும் இன்னும் தின்னாமல் கையில் வைத்திருந்த உருண்டையைத் திருப்பி வைத்துவிட்டு நடையைக் கட்டினான். யாரும் தடுக்கவில்லை.

சடையாண்டி தன் உருண்டையை இரண்டே வாயில் தின்று முடித்தான்.

கடைசி ஆள்வரைக்கும் அரசன் அதே வார்த்தையைச் சொல்லி உருண்டையைக் கொடுத்தான். கை கழுவிவிட்டுக் குருவிடம் வந்தான்.

"புறப்படுகிறேன். நீங்களும் கூட வர வேண்டும், சுவாமி. அங்கே என் புத்தி தடுமாறினால் சொல்ல ஆள் வேண்டும்."

"நான் எதற்கு?" குரு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "மடை திறந்ததும், நிமிர்ந்து பார்த்தால் உங்கள் பாட்டனுடைய கோட்டை தெரியும். அப்போது சடையாண்டியைக் கூப்பிட்டு, இன்றைக்குக் கேட்டதையே இன்னொரு தடவை கேட்கச் சொல்லுங்கள்."