எதிர்க்கரைப் பேச்சு

இந்தக் கரையில் போர்ச்சுகல், அந்தக் கரையில் ஸ்பெயின், நடுவில் ஓர் ஆறு. உரக்கக் கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம்தான். ஆனால் படகில் அக்கரை போய் இறங்கினால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்.

இந்தக் கரையில் இருந்த சின்ன ஊரில் தெயோதோரா என்று ஒரு மொழி ஆசிரியை இருந்தாள். வயது முப்பதைத் தாண்டவில்லை. ஆனாலும் ஊரில் நரைத்த தலைகள்கூட அவளைக் கண்டால் தொப்பியைக் கழற்றும்.

அவளுடைய மாணவர்களில் மூத்தவர் பெல்மிரோ. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கால் மரத்துப் போகிறது என்று சொல்லி ஆங்கிலம் கற்க வந்தார். அது முடிந்ததும் பிரெஞ்சு. இப்போது மூன்றாவதாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று குடைகிற மனிதர்.

ஒருநாள் அவர் கேட்டார்:

"டீச்சர், நம்ம ஜனங்க வேற பாஷை கத்துக்கணும்னா அதிகமா எதைத் தேடி வர்றாங்க?"

"இங்கிலீஷ்தான். வேலைக்கு வேணுமே. பாரிஸ்ல சொந்தக்காரங்க இருந்தா பிரெஞ்சு. நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போறவங்க ஜெர்மன்."

"வேற?"

"போன வருஷம் ரெண்டு பசங்க வந்து ஜப்பான் பாஷை கேட்டாங்க. கார்ட்டூன் பார்க்கணுமாம்."

"அப்ப ஸ்பானிஷ்?"

"பெரிய ஊர்கள்ல படிக்கிறாங்க. நம்ம ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தரும் வரலை."

பெல்மிரோ சிரித்தார். "எவன் வருவான்? அவங்க பேசினா நமக்குத் தன்னால புரியுது. நாம பேசினாத்தான் அவங்க முழிக்கிறாங்க. அதுக்கு நாம என்ன பண்றது? எனக்கு ஜெர்மனே சொல்லிக் கொடுங்க."

தெயோதோரா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை உங்க பொண்ணு வீட்டுக்குப் போனீங்களே, எப்படி இருந்தது?" என்று கேட்டாள்.

பெல்மிரோவின் மகள் நோயேமியா வாழ்க்கைப்பட்டது அக்கரையில். பேத்தி ஆல்பாவுக்கு ஆறு வயது. அம்மா விடியற்காலையில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடுவதால் குழந்தை வளர்ந்ததெல்லாம் அப்பா வீட்டு மனிதர்களிடம். வாயைத் திறந்தால் ஸ்பானிஷ்தான். தாத்தா ஞாயிறுதோறும் போவார். அவர்கள் பேசுவதையெல்லாம் கேட்பார், சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பார். எப்போதாவது தன் மொழியையே கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் வளைத்து, அதுதான் ஸ்பானிஷ் என்று நினைத்துப் பேசிப் பார்ப்பார். சம்பந்தி வீட்டார் மரியாதையாக விழிப்பார்கள். அவரும் பேச்சை விட்டுவிட்டு ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்துவிடுவார்.

"நல்லாத்தான் இருந்தது," என்றார் பெல்மிரோ. கொஞ்ச நேரம் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாப்பிடறப்ப குழந்தை அவ அம்மாகிட்ட ஒண்ணு கேட்டா. தாத்தாவுக்குப் பேச வராதான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

தெயோதோரா தலையாட்டினாள்.

"திரும்பி வர்றப்ப படகுல எனக்கு அழுகையே வந்துடுச்சு, டீச்சர்."

அவள் புன்னகையோடு மேசைமேல் இருந்த ஆலிவ் காய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் மேலே சொன்னார். "முன்னெல்லாம் என் மடியை விட்டு இறங்க மாட்டா. இப்ப ஓடிப்போய் அந்தத் தாத்தா மடியில உட்கார்ந்துக்கறா. அவர் கதை சொல்றார். இப்படியே போனா என்னை வேத்து ஆளாவே நினைச்சுடுவாளோ?"

மறுபடி தலையாட்டல். மறுபடி புன்னகை.

"சொல்லுங்க டீச்சர். நினைச்சுடுவாளா?"

தெயோதோரா அவர் கையை மெல்லத் தட்டிக் கொடுத்தாள்.

டீச்சராயிற்றே என்று பெல்மிரோ பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. முகம் சிவக்கத் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டறேன். நீங்க பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. நான் சொல்றது உங்களுக்குப் புரியுதா இல்லையா?"

"ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுது, ஐயா."

"உங்களுக்குப் புரிஞ்சுட்டா எனக்கு ஆச்சா?"

கேட்டுவிட்டு விறுவிறுவென்று வாசல்வரை போனார். கதவில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அக்கரைக் கோயிலில் மணி அடித்தது. இந்தக் கரையில் அந்த மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவர் திரும்பாமலே கேட்டார்:

"குழந்தை அப்படிக் கேட்டப்ப நான் என்ன சொல்லியிருக்கணும்?"

"ஸ்பானிஷ்ல முதல் பாடமே அதுதான்," என்றாள் தெயோதோரா. "தொப்பியைக் கழட்டிட்டு வந்து உட்காருங்க."