கையைக் கட்டி நின்ற ஓவிய வாத்தியார்

“பேசாம இந்தக் கையை வெட்டிப் போட்டுடலாமான்னு இருக்கு, அமலி.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார் வெயில்முத்து.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அமலி டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தக் கையண்ணே? வரையுற கையா, திங்குற கையா?”

“ரெண்டும் ஒண்ணுதானே!”

“அப்ப சாப்பிட்டுட்டு வெட்டுவோம். உள்ள வாங்க.”

உள்ளே வந்தார். உட்காரத்தான் இல்லை.

சாத்தூர்ப் பக்கம் வெயில்முத்துவைத் தெரியாத ஆள் குறைவு. ஆளுயரப் படம் வேண்டுமென்றால் அவரிடம்தான் போவார்கள். படத்தில் இருக்கிற தாத்தா எழுந்து வந்து வெற்றிலை கேட்பார் போலிருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஐம்பது வயதில் ஒரு வேலை வந்தது. அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எந்தக் காலத்திலோ பதிந்துவைத்து, பதிந்ததையே மறந்துபோன வேலை.

அமலி டீச்சர் ஓவியக் கல்லூரியில் அவருக்கு இளையவர். அவருடைய பிரஷ்களைக் கழுவிக் கொடுத்தவர். இப்போது ராஜபாளையத்தில் ஓவிய ஆசிரியர். சுற்றுவட்டாரத்தில் எந்த ஓவிய வாத்தியாருக்கு வகுப்பில் முட்டிக்கொண்டாலும் இந்த வீட்டைத் தேடித்தான் வருவார்கள். வெயில்முத்துவுக்கு மட்டும் இங்கே வர இத்தனை நாள் மனசு இடம் கொடுக்கவில்லை.

“கணக்கு வாத்தியார் உங்க பீரியடைப் பிடுங்கிட்டாரா?”

“அது பழகிப்போச்சு. இது வேற.”

“சொல்லுங்க.”

“கோடு கோணலாப் போனா என் கை சும்மா இருக்க மாட்டேங்குது. பென்சிலை வாங்கித் திருத்திடுறேன். ஒரு மூக்கு, ஒரு காதுன்னு ஆரம்பிக்கிறது. நிமிர்ந்து பார்த்தா முழுப் படமும் நானே போட்டிருக்கேன்.”

“பிள்ளைங்க சந்தோஷப்படுமே.”

“பட்டுச்சு. மாவட்டப் போட்டிக்கு எல்லாப் பிள்ளைங்க படத்தையும் கொண்டு போனேன். நடுவர் வரிசையாப் பார்த்துட்டு, ‘பையன் நல்லா வரையுறானே, யாரு அவன்?’ன்னு கேட்டார்.”

அமலி டீச்சர் சிரித்த சிரிப்பில் கீரைக் காம்பு மடியிலிருந்து சிதறியது.

வெயில்முத்து சிரிக்கவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

“ஒன்பதாம் வகுப்புல பேச்சியம்மான்னு ஒரு பிள்ளை. கணக்கு நோட்டுக்குப் பின்னால பூராவும் ஆடுதான் வரைஞ்சு வெச்சிருப்பா. போன வாரம் வெறும் தாளைக் கொண்டாந்து என் மேஜையில வெச்சா. ‘நீங்களே வரைஞ்சிருங்க சார். எப்படியும் நீங்கதான வரையப் போறீங்க’ன்னா. கோபமாக்கூடச் சொல்லலை, அமலி. அதுக்கப்புறம் நோட்டுலயும் வரையலை. பார்த்துட்டேன்.”

“இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“அவ மறுபடி பென்சிலைத் தொடலேன்னா வேலையை விட்டுடுவேன். நமக்கு வரையத்தான் தெரியும். ஒரு பிள்ளையைக் கெடுக்கிறதுக்குச் சம்பளம் எதுக்கு?”

அமலி டீச்சர் முறத்தை ஓரமாக வைத்தார். எழுந்து போய் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வந்தார். கொல்லைப்பக்கம் துவைக்கிற கல் நிழலில் ஒரு தெருப்பூனை படுத்திருந்தது.

“அதை வரைங்க.”

வந்ததிலிருந்து முதல்முறையாக வெயில்முத்து உட்கார்ந்தார். நாலே இழுப்பு. பூனை தாளில் வந்து படுத்துக்கொண்டது.

“அழகு,” என்றார் அமலி டீச்சர். “எந்த ஊர்ப் பூனைண்ணே இது?”

“கிண்டலா? இந்தா கண்ணு முன்னால கெடக்கே!”

டீச்சர் தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலை இடது கையில் பிடித்துக்கொண்டார். வலக்கைப் பழக்கக்காரர். கோடு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டதுபோல நடுங்கியது. காது ஒரு பக்கம் போனது. முதுகு இன்னொரு பக்கம் போனது. வயிறு பானை மாதிரி வந்து நின்றது.

வெயில்முத்துவின் கை தானாக நீண்டது.

“கையைக் கட்டு!”

வகுப்பறைக் குரல். ஐம்பது வயது மனிதர் சட்டென்று கையைக் கட்டிக்கொண்டார். கட்டிய பிறகுதான் வெட்கம் வந்தது.

“இல்ல அமலி, அந்த வயிறு...”

“வாயில விரல்!”

கட்டிய கையிலிருந்து வலது கை மட்டும் பிரிந்து, ஆள்காட்டி விரல் உதட்டுக்குப் போனது.

இனி கையும் இல்லை, வாயும் இல்லை. கண் மட்டும் பாக்கி. டீச்சரின் பென்சில் நகர்ந்தது, நின்றது, பூனையைப் பார்த்தது, மறுபடி நகர்ந்தது. வேறு வழியில்லாமல் வெயில்முத்துவும் பூனையைப் பார்த்தார்.

பூனையின் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

விரலை எடுக்காமலே கேட்டார். “குட்டி போடப் போகுதா?”

“காலையிலேர்ந்து இங்கதான் கெடக்கு,” என்றார் அமலி டீச்சர்.

வெயில்முத்து தாளை எடுத்துத் தன் பூனையைத் திருப்பிப் பார்த்தார். கொடி போல இடுப்பு. மில் முதலாளி வீட்டில் மாட்டலாம்.

தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “நாளைக்குப் போய் அந்தப் பிள்ளைகிட்ட நான் என்ன சொல்ல?”

“கீரை வெந்ததும் கூப்பிடுறேன். கையைக் கழுவிட்டு வாங்க.”

மறுநாள் ஒன்பதாம் வகுப்பு. வெயில்முத்து எல்லோருக்கும் தாள் கொடுத்தார். பலகையில் ஒன்றும் வரையவில்லை. நேராகப் போய்ப் பேச்சியம்மாவின் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். கையைக் கட்டினார். விரலை உதட்டில் வைத்தார்.

வகுப்பு முதலில் பயந்தது. பிறகு ஒருவன் களுக்கென்றான். பிறகு எல்லோரும்.

பேச்சியம்மா சிரிக்கவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“சார், நீங்க என்ன தப்பு பண்ணுனீங்க?”

அவர் விரலை எடுக்கவில்லை.

“பெரிய தப்பா?”

ஆமென்று தலையை ஆட்டினார்.

அவள் அவர் கட்டியிருந்த கையைப் பார்த்தாள். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு கையால் மறைத்துக்கொண்டு, பென்சிலை வைத்தாள்.

ஆட்டின் முன்னங்கால் குட்டையாக வந்தது. மற்ற மூன்றோடும் சேரவே இல்லை.

வெயில்முத்து விரலைக் கடித்துக்கொண்டார்.