கரிச்சான் இருக்கும் மரம்

இந்தக் கதையை எனக்கென்று யாரும் சொல்லவில்லை. வந்தவாசிப் பேருந்தில் பின் இருக்கைக்காரர் வேறொருவருக்குச் சொன்னது காதில் விழுந்தது. நடுவில் ஏதாவது விட்டுப்போயிருக்கலாம்.

அந்தக் காலத்தில், பறவைகள் எதையும் கூடிப் பேசித் தீர்த்துக்கொண்டபோது, ஏரிக்கரையில் ஓர் ஏற்பாடு இருந்தது. தலைவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் தலைவரே ஆனாலும், கேட்காமல் அடுத்தவர் கூட்டில் கால் வைக்கக் கூடாது.

அந்த முறை பருந்து தலைவர். ஒருநாள் அது சபையைக் கூட்டியது.

"பொதுவில் வைத்த மீன் களவு போகுது. எல்லார் கூட்டையும் சோதிக்க அனுமதி கொடுங்க."

"ஒளிக்க ஒண்ணும் இல்லாதவங்களுக்கு என்ன பயம்?" என்றது மைனா.

மணிப்புறாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. அவள் கூடு நாலு குச்சிதான். கீழே நின்றாலே முட்டை தெரியும். அதில் எதை ஒளிப்பது? எல்லோரும் இறக்கையைத் தூக்கினார்கள். அவளும் தூக்கினாள். தூக்காதது கரிச்சான் என்ற சின்னக் கருங்குருவி மட்டும்.

"மீனைத் தின்னது நீதானா தம்பி?" என்று மைனா கேட்க, சபையே சிரித்தது. புறாவும் சிரித்தாள்.

மறுநாள் பருந்து அவள் கூட்டைச் சோதித்துவிட்டு, "நாளைக்கும் வருவேன்" என்று சொல்லிப் போனது. இரண்டு முட்டையில் ஒன்றைக் காணோம். மைனாவிடம் ஓடினாள்.

"சபை முடிவாச்சே அக்கா. நீயும்தானே தூக்கின?"

கடைசியில் கரிச்சானிடம் போனாள். "உன்னைப் பார்த்துச் சிரிச்சவ நான். உதவி கேட்க எனக்கு வாயில்லை."

"சிரிச்சா என்ன அக்கா? எனக்கு வேண்டியவங்க கூட்டை மட்டும் காத்தா அதுக்குப் பேரு தயவு. கேட்காம கால் வைக்கக் கூடாதுன்னு நாம பேசிவச்சது எல்லார் கூட்டுக்கும்."

விடிந்ததும் பருந்து வந்தது. கரிச்சான் குறுக்கே நின்றது.

"இவளும் சேர்ந்து கொடுத்த அனுமதிடா இது."

"இப்போ அவகிட்ட கேளுங்க ஐயா."

புறா முட்டையை மறைத்து உட்கார்ந்தாள். "உள்ளே வராதீங்க."

பருந்து காலை நீட்டியது. கரிச்சான் பாய்ந்து அதன் தலையில் கொத்தியது. தலைவரை ஒருவர் கொத்துவதை ஏரிக்கரை அதுவரை பார்த்ததில்லை. பருந்தின் நகம் பட்டுக் கரிச்சானின் வால் நடுவே கிழிந்தது. அப்படியும் அது விடவில்லை. ஏரி தாண்டும்வரை துரத்திக் கொத்தியது. கூட்டில் அந்த ஒரு முட்டை அப்படியே இருந்தது.

அன்று முதல்தான் கரிச்சானுக்கு வால் இரண்டாகப் பிரிந்தது. புறாவும் அது இருக்கும் மரமாகத் தேடிக் குச்சி சேர்க்கத் தொடங்கியது.

வால் பிரிந்த விதத்துக்கு எந்த ஆதாரமும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பறவைகள் பற்றிய நூலில் தேடிப் பார்த்தேன்: புறா, மாங்குயில் போன்ற சாதுவான பறவைகள் கரிச்சான் கூடு கட்டியிருக்கும் மரத்திலேயே கூடு கட்டுவது உண்மைதான்.