ஆடு தின்ற தீர்ப்பு

"அரசனுக்குப் பசி எங்கிருந்து வருகிறது தெரியுமா, வேளா? அது..." என்று தொடங்கி, நெடுவேளனின் தந்தை தம் கடைசிச் சபையில் என்னவோ சொன்னார். மீதி அவனுக்கு நினைவில்லை. அவர் பேசும்போது அவன் சாளரத்துக்கு வெளியே நின்ற புதுக்குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டை ஆண்டவன் இந்த நெடுவேளன்தான். மழை தவறவில்லை, எல்லையில் சண்டை இல்லை. ஆனால் அரசனுக்குக் காலையில் கண்ணைத் திறக்கவே பிடிக்கவில்லை. மீனை முள் எடுத்துக் கொடுத்தார்கள். மாம்பழத்தைத் தோல் சீவிக் கொடுத்தார்கள். குதிரையைக்கூட நாலு சுற்று ஓட்டிக் களைக்க வைத்த பிறகுதான் அவனிடம் கொண்டுவந்தார்கள். சபையிலும் இதே கதை. வழக்குகளை ஓலையில் எழுதும் பொறுப்பு ஓலைநாயகம் ஆலாலசுந்தரருக்கு. அவர் வழக்கை ஓர் ஓலையிலும் தீர்ப்பை இன்னோர் ஓலையிலும் எழுதியே கொண்டுவருவார். அரசன் "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லி முத்திரை மோதிரத்தை அழுத்தினால் போதும். ஒரு நாளைக்கு அறுபது தடவை அப்படியே ஆகட்டும்.

ஒருநாள் முப்பதாவது ஓலையில் அரசன் கொட்டாவி விட்டான்.

"மந்திரியாரே, சோறு மண் மாதிரி இருக்கிறது. கூத்து பார்த்தால் தூக்கம் வருகிறது. மோதிரத்தை ஆலாலசுந்தரரிடம் கொடுத்துவிட்டு, மலை மாளிகையில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்."

"அந்தப் பாரத்தைச் சுமக்க அடியேன் தயார், மகாராஜா" என்றார் ஆலாலசுந்தரர், அரசன் வாயை மூடுவதற்குள். "மந்திரியாருக்கும் வயதாகிவிட்டது. அவரையும் சேர்த்து அனுப்பிவிடலாம்."

மந்திரி தத்தனார் தாடியைத் தடவிக்கொண்டார். "மூன்று நாள் கொடுங்கள், மகாராஜா. அதற்குள் விடிந்தால் தேவலை என்று உங்களுக்கு ஓர் ஆசை வராவிட்டால், மோதிரமும் அவருக்கு, என் பதவியும் அவருக்கு."

"அந்த ஆசையை நானே வரவழைக்கிறேன்" என்று ஓலைநாயகம் முந்திக்கொண்டார். முதல் நாள் நூறு மயில் ஆடின. இரண்டாம் நாள் யானைகள் பந்து விளையாடின. அரசன் மயிலுக்கு ஒரு கொட்டாவி விட்டான், யானைக்கு இரண்டு.

மூன்றாம் நாள் காலை, தத்தனார் ஒரே ஓர் ஓலையோடு வந்தார்.

"கருவேலங்குளத்துச் சிலம்பாயி நட்ட பூசணிக்கொடி, பக்கத்து வீட்டு வீரணன் கூரையில் ஏறிக் காய்த்திருக்கிறது. வேர் என்னுடையது, காயும் என்னுடையது என்கிறாள் அவள். என் கூரையில் கிடப்பது எனக்குத்தான் என்கிறான் அவன்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

"எப்படி, மகாராஜா?"

அரசன் விழித்தான். "தீர்ப்பு ஓலை எங்கே?"

"ஆடு தின்றுவிட்டது."

சபையில் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆலாலசுந்தரர் எழுந்தார். "எனக்கு மனப்பாடம், மகாராஜா. இதோ சொல்லிவிடுகிறேன்."

"பொறும்" என்று அரசன் கையமர்த்தினான். "வேர் இவளுடையது. கூரை அவனுடையது. காய் நடுவில் மாட்டிக்கொண்டது." நெற்றியைச் சுருக்கினான். "காய் எவ்வளவு பெரிது?"

"போய்ப் பார்த்தால்தான் தெரியும்" என்றார் தத்தனார்.

"அப்படியானால் போவோம். குதிரை வரட்டும். அதைக் களைக்க வைக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்."

கருவேலங்குளத்தில் அரசன் தானே ஏணியில் ஏறினான். காய் முரசு போல உட்கார்ந்திருந்தது. அடியில் வைக்கோல் சும்மாடு, மேலே தென்னங்கீற்று நிழல்.

"வீரணா, இந்தச் சும்மாடு யார் வைத்தது?"

"நான்தாங்க. கூரை உறுத்தி அழுகிடக் கூடாதுல்ல. கீத்தும் நான் போட்டதுதான்."

"திருட்டுக் காய்க்குக் குடை வேறயா" என்றாள் சிலம்பாயி.

"நீ என்னம்மா செய்தாய்?"

"தெனம் எட்டுக் கொடம் தண்ணி, சாமி. கொளத்துலேருந்து."

"தினமுமா? அலுக்காதா?"

"அலுக்காம என்ன, இடுப்பு கழண்டு போகும். ஆனா காலையில எந்திரிச்சு, நேத்துக்கு இன்னிக்கு எத்தனை வெரக்கடை பெருத்திருக்குன்னு பாக்கணுமே."

"நேத்து நாலு" என்றான் வீரணன்.

"அஞ்சு. ஒனக்கு அளக்கத் தெரியாது."

அரசன் கூரைமேல் உட்கார்ந்தபடியே சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து, கூட வந்த வீரர்களுக்கே நாளாகியிருந்தது.

"நீ இல்லாவிட்டால் இது காய்ந்திருக்கும். அவன் இல்லாவிட்டால் அழுகியிருக்கும். இரண்டு பேர் வளர்த்த காய் இது. சேர்ந்து சமையுங்கள், விதையில் ஆளுக்குப் பாதி. எனக்கும் ஓர் இலை போடுங்கள்."

தூக்க வந்த வீரர்களை விரட்டிவிட்டு, காயைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவனே இறங்கினான். நாலு கோட்டையைப் பிடித்தவன்கூட அப்படி நெஞ்சை நிமிர்த்தியிருக்க மாட்டான். சமைத்து இலை போட்டதும் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அப்பா சொன்னதன் மீதி அப்போதும் நினைவுக்கு வரவில்லை. அவன் அதைத் தேடவும் இல்லை.

"தத்தனாரே, அந்த ஆட்டை நான் பார்க்க வேண்டுமே."

"எதிரில்தான் நிற்கிறது, மகாராஜா." தத்தனார் இடுப்பிலிருந்து தீர்ப்பு ஓலையை எடுத்து நீட்டினார்.

அரசன் உரக்கப் படித்தான். "'வழக்குக்கு உரிய காய் ஓலைநாயகத்தின் சமையற்கட்டுக்குச் சேர்க.'"

சபையிலிருந்து கூடவே வந்திருந்த ஆலாலசுந்தரர் தரையில் ஊர்ந்த எறும்புகளைக் கவனித்தார்.

"எங்க ஊரு காயெல்லாம் அவரு வீட்டுக்குத்தானே சாமி போவுது" என்றாள் சிலம்பாயி. "நீங்க சொன்னீங்கன்னுதான் நாங்களும் குடுத்தோம்."

எத்தனை 'அப்படியே ஆகட்டும்' என்று அரசன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். எண்ணி முடியவில்லை.

"ஆலாலசுந்தரரே, இந்தக் கொடியில் அடுத்த காய் முற்றும்வரை அந்த எட்டுக் குடம் உம்முடையது. சுமக்கத் தயார் என்று நீர்தானே சொன்னீர்?"

பிறகு தன் பட்டுச் சால்வையை எடுத்துத் தத்தனார் தோளில் போர்த்தினான். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் அரண்மனைக்குத் திரும்பும் வழியிலேயே நெடுவேளன் முடிவு செய்துவிட்டான்: மோதிரம் தன் விரலிலேயே இருக்கும், நாளை முதல் தீர்ப்பு எழுதாத ஓலைகள்தான் சபைக்கு வரும், விடிந்ததும் முதல் ஓலையை அவனே பிரிப்பான்.