காலி இருக்கை

மருதவாயில் நாட்டின் தலைமை நீதிபதி இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியும் அவர் இருக்கை காலியாகவே கிடந்தது. விசாரணைக்கென்று பிடித்து வைக்கப்பட்டவர்கள், குற்றவாளியா இல்லையா என்று சொல்ல ஆளில்லாமல் சிறையிலேயே இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுவரும் பெண்கள், அமைச்சர் கூத்தனாரின் பல்லக்கு வந்தால் ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. புது நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அரசர் அவரிடம்தான் விட்டிருந்தார்.

ஒருநாள் தம் குரு பதுமையாரிடம் போனார். பதுமையார் வயதில் அவரைவிட இளையவர். ஆற்றங்கரையில் குடில் போட்டிருந்தார். அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“மூன்று பேர் இருக்கிறார்கள், அம்மா. மூவரும் சிற்றூர்களில் வழக்குத் தீர்ப்பவர்கள். யாரை அமர்த்துவது?”

“ஊரில் என்ன பேச்சு?”

“மூவரையுமே தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். புகழ்ந்து பேச நாள்தோறும் ஒரு கூட்டம் வருகிறது.”

“வருகிறவர்கள் யார்?”

“அவர்களிடம் வழக்குக்குப் போனவர்கள்.”

“ஜெயித்தவர்களா, தோற்றவர்களா?”

கூத்தனார் யோசித்தார். “ஜெயித்தவர்கள்தான்.”

“ஒரு வழக்கில் இரண்டு பேர் உண்டே” என்றார் பதுமையார். கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கூத்தனார் பல்லக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வழிப்போக்கனைப் போல மூன்று ஊர்களுக்கும் நடந்தார்.

முதல் நீதிபதியிடம் தோற்றவன், அவர் பெயரைச் சொன்னதுமே பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இரண்டாமவரிடம் தோற்றவன் சிரித்தான். “எதிராளி அவருக்கு மச்சான் முறை. நான் என்ன முறை, சொல்லுங்க?”

மூன்றாமவர் அம்பலவாணர். அவர் தீர்ப்பால் தென்னந்தோப்பை இழந்தவள் செங்கமலம் என்ற பெண். அவள் வாசலில் நின்றே வைய ஆரம்பித்தாள்.

“விளங்குவானா அந்த மனுசன்? என் தோப்பைப் புடுங்கி எதிராளி கையில குடுத்துட்டானே!”

வைது வைது அவளுக்கே அலுத்துப்போனது.

“ஆனா ஒண்ணு. நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டான். ‘இந்த அம்மா சொல்றது இதுதான்’னு சபையில எடுத்துச் சொன்னான் பாருங்க, எனக்கே அப்படிச் சொல்ல வராது. அதுக்கப்புறந்தான் அது ஏன் செல்லாதுன்னு சொன்னான்.”

கூத்தனார் நேராகக் குடிலுக்கு வந்தார்.

“அம்பலவாணர்தான், அம்மா. எனக்குச் சந்தேகமே இல்லை.”

“பிறகென்ன? அமர்த்த வேண்டியதுதானே.”

கூத்தனார் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

“என் மகன் மேல் ஒரு வழக்கு இருக்கிறது. அடுத்தவர் வயலை வெட்டிக் கால்வாய் இழுத்துவிட்டான். தலைமை நீதிபதி முன்னால்தான் அது வர வேண்டும். அம்பலவாணர் அங்கே உட்கார்ந்தால் அவன் தோற்பான்.”

பதுமையார் அவர் முகத்தைப் பார்த்தார்.

“அவரை வேண்டாமென்று சொல்லவில்லை, அம்மா. அந்த ஒரு வழக்கு மட்டும் முடியட்டும். முடிந்த மறுநாளே அவரை அமர்த்திவிடுகிறேன்.”

“யார் முடிப்பார்?” என்று கேட்டார் பதுமையார்.

கூத்தனார் எழுந்து அரண்மனைக்குப் போய், அங்கே நின்ற காவலனிடம், அம்பலவாணரை அழைத்துவரச் சொன்னார்.