ஊற்றரசியின் மாலை

சரக்... சரக்... சரக்...

சத்தம் ஆற்றுப் பக்கமிருந்து வந்தது. யார் என்று தெரியவில்லை. கரையில் நின்று எட்டிப் பார்த்த காட்டெருமைக்கு, ஒரு குழிக்குள்ளிருந்து மணல் பறந்து வந்து வெளியே விழுவது மட்டும் தெரிந்தது.

அந்தக் காட்டில் அப்போது கடுங்கோடை. ஆறு வற்றி வெறும் மணலாகக் கிடந்தது. ஒரு யானைக் கூட்டம் வந்து மணலைத் தோண்டி ஊற்று எடுத்தது, குடித்தது, மலைப் பக்கம் போய்விட்டது. அதன் பிறகு எல்லா மிருகங்களும் அந்த ஊற்றில்தான் குடித்தன. ஒவ்வொரு மிருகமும் குடித்துவிட்டுப் போகும்போது ஓரத்து மணல் கொஞ்சம் சரிந்து உள்ளே விழுந்தது. தண்ணீர் முதலில் முழங்கால் அளவு இருந்தது. பிறகு குளம்பு நனையும் அளவு. பிறகு வெறும் ஈரம்.

"யார் அது உள்ளே?" என்று காட்டெருமை கேட்டது.

குழிக்குள்ளிருந்து ஒரு கீரி தலையை நீட்டியது. மீசையெல்லாம் மணல்.

"நான்தான், அண்ணே."

"உனக்கு யார் இந்த வேலையைக் கொடுத்தது?"

"தாகம் கொடுத்தது."

மரக்கிளையில் இருந்த குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. "தோண்டின யானை மலையில் காற்று வாங்குகிறது. இங்கே அதற்குச் சம்பளமில்லாத ஆள் ஒன்று கிடைத்திருக்கிறது!"

அந்தப் பேச்சைக் கேட்டு நரியும் வந்தது. நரிக்குப் பேசக் கிடைத்தால் போதும், சாப்பாடுகூட வேண்டாம்.

"கீரி அக்கா, உன் நல்ல மனசு புரிகிறது. ஆனால் ஒற்றை ஆளாக அள்ளி என்ன ஆகப் போகிறது? இது காட்டுப் பிரச்சினை. யானையிடம் தூது அனுப்ப வேண்டும். யார் போவது என்று கூட்டம் போட்டு முடிவெடுப்போம்."

"எடுங்கள், நரியாரே. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு குளம் இருக்கிறது, ஆனால் அதுவரைக்கும் நடக்க என் குட்டிகளுக்குக் காலில் வலு இல்லை. நான் அள்ளுகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கீரி மறுபடியும் குழிக்குள் இறங்கியது.

மருத மரத்தடியில் கூட்டம் நடந்தது. காட்டெருமை தனக்கு முட்டி வலி என்றது. குரங்கு, மரமில்லாத வழியில் போனால் தனக்குத் தலை சுற்றும் என்றது. நரி, "நான் போய்விட்டால் இங்கே கூட்டத்தை யார் நடத்துவது?" என்று கேட்டது. யாரும் போவதாக முடிவாகவில்லை. பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

எல்லாம் ஊற்றுக்கு இறங்கி வந்தன. அங்கே தண்ணீர் தெளிந்து நின்றது. வயிறு முட்டக் குடித்தன.

"அட, அள்ளியே விட்டதே!" என்றது காட்டெருமை.

நரி சும்மா இருக்குமா? அடுத்த நாளே ஒரு பாராட்டு விழா வைத்தது. சரக்கொன்றைப் பூவில் மாலை கட்டிக் கீரியின் கழுத்தில் போட்டன மிருகங்கள். மாலை பெரிது, கீரி சிறிது. பாதி மாலை தரையில் கிடந்தது.

"இன்று முதல் நம் கீரி அக்கா சாதாரணக் கீரி இல்லை, ஊற்றரசி! இனிமேல் இந்தக் காட்டுக்குத் தண்ணீர்க் கவலையே கிடையாது" என்று நரி முழங்கியது. எல்லா மிருகங்களும் ஆரவாரம் செய்தன.

அதற்குப் பிறகு நடந்தது வேறு. அதுவரை ஓரமாக நின்று பார்த்துக் குடித்த மான்கள்கூட, மணல் சரிவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. காட்டெருமை நேராக நடுவில் இறங்கி நின்றே குடித்தது. குரங்கு கரையிலிருந்து சறுக்கி விளையாடியபடி வந்து குடித்தது.

"மணல் விழுகிறது, பார்த்து வா" என்று கீரி சொன்னால், "அதற்குத்தானே அரசி இருக்கிறாய்!" என்று பதில் வந்தது.

ஒருநாள் காட்டெருமை கோபித்துக்கொண்டது. "என்னம்மா, தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே. தூங்கிவிட்டாயா? பொறுப்பு வேண்டாமா?"

கீரி அள்ள அள்ள மணல் சரிந்தது. கொஞ்சம் தண்ணீர் ஊறி, குட்டிகளைக் கூப்பிடலாம் என்று நினைக்கும்போது ஒரு பெரிய வாய் வந்து அதைக் குடித்துவிட்டுப் போனது. இரை தேடப் போகவும் நேரமில்லை. நாணல் நிழலில் மூன்று குட்டிகளும் நாக்கை வெளியே போட்டுக் கிடந்தன. ஒரு காலையில் கடைசிக் குட்டியை மூக்கால் தள்ளிப் பார்த்தது கீரி. குட்டி கண்ணைத் திறந்தது. எழுந்திருக்கவில்லை.

அன்று கீரி ஊற்றைத் தொடவில்லை. மாலையோடு கரையில் உட்கார்ந்திருந்தது. மிருகங்கள் வந்து பார்த்தன. குழி தூர்ந்து கிடந்தது.

"அள்ளவில்லையா?" என்று குரங்கு கேட்டது.

"எனக்கு இந்தப் பதவி பெரிதாக இருக்கிறது. தகுதி உள்ளவர் யாராவது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றது கீரி.

நரி ஒரே தாவலில் முன்னால் வந்தது. "காடு கேட்டுக்கொள்வதால் ஏற்கிறேன்" என்று, யாரும் கேட்டுக்கொள்வதற்கு முன்பே மாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாறைமேல் ஏறி உட்கார்ந்தது.

கழுத்து லேசாகிவிட்ட கீரி, தூர்ந்த குழிக்குப் பக்கத்தில் ஒரு சிறு குழி தோண்டியது. ஒரு குட்டியின் வாய் நுழையும் அளவுதான். ஆழத்தில் தண்ணீர் மினுங்கியது. கடைசிக் குட்டியைப் பிடரியில் கவ்விக் கொண்டுவந்து குடிக்க வைத்தது. பிறகு மற்ற இரண்டும் குடித்தன.

காட்டெருமை ஓடி வந்து அந்தக் குழியில் வாயை வைத்தது. மூக்கு நுனிகூட நுழையவில்லை. அது விட்ட பெருமூச்சில் மணல் பறந்து அதன் கண்ணிலேயே விழுந்தது.

"இதைக் கொஞ்சம் அகலப்படுத்தேன்!"

"இது என் வீட்டு வாய்க்கு அளவு, அண்ணே. உங்கள் வாய்க்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

காட்டெருமை பாறையைப் பார்த்தது. "ஊற்றரசரே, அள்ளுங்கள்!"

"யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றது நரி.

வெயில் ஏறியது. நரியின் யோசனை முடியவில்லை. காட்டெருமையால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. முன்னங்காலால் மணலை வாரி எறிந்தது. அதன் வாய்க்கு ஏற்ற குழி என்றால் கேட்கவா வேண்டும்? மான்கள் குளம்பால் தோண்டின. குரங்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு கையாலும் அள்ளியது. பக்கத்துப் பக்கத்துக் குழிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. யானை தோண்டியதைவிடப் பெரிய ஊற்றாக அது ஆனது.

தான் எறிந்த மணல் மறுபடி உள்ளே சரியப் போவதைப் பார்த்ததும், காட்டெருமை அதைக் காலால் தூரத் தள்ளிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

"ஏய் குரங்கு, சறுக்காமல் இறங்கு! என் மணலைத் தள்ளிவிடாதே" என்று அதட்டவும் செய்தது.

நரி பாறையிலிருந்து இறங்கி வந்தது. "அரசருக்கு வழி விடுங்கள்."

"உங்கள் குழி எது, அரசரே?" என்று குரங்கு கேட்டது.

நரி சுற்றிலும் பார்த்தது. யாரும் நகரவில்லை. அது மாலையைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு, ஓரமாகப் போய்க் குனிந்து தோண்ட ஆரம்பித்தது. பூசணி அளவு தோண்டுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. பேச்சும் நின்றிருந்தது.

கீரி அதையெல்லாம் நின்று பார்க்கவில்லை. குட்டிகளை நாணல் நிழலில் விட்டுவிட்டு, கரைமேட்டுக்கு ஏறிப் போய்ச் சருகுகளைப் புரட்டி வண்டு தேடத் தொடங்கியது.

நீதி: நாட்டுக்கு உழைப்பவருக்கு மாலை போட்டுவிட்டால் நம் பங்கு தீர்ந்துவிடாது, அவரவர் பங்கை அவரவரே செய்ய வேண்டும்.